துண்டு வெட்டியபின் யார் பொறுப்பு?

வைத்தியசாலைக்கு வாயில்கள் இரண்டு. நோயாளர் உள்ளே வரும் வாயில் ஒன்று. வெளியே செல்லும் வாயில் மற்றொன்று. உள்ளே வரும் வாயிலைப் பற்றி இந்நாட்டிற் பேசாதார் இல்லை. தேர்தல் மேடையிற் பேசப்படுகின்றது, பாராளுமன்றத்திற் பேசப்படுகின்றது, அடிக்கல் நாட்டு விழாவில் மாலை மரியாதைகளோடு பேசப்படுகின்றது. புதிய விடுதி வேண்டும், புதிய இயந்திரம் வேண்டும், வைத்திய நிபுணர் வேண்டும் என்னும் கோரிக்கைகள் நியாயமானவையே. நாமும் அவற்றைக் கேட்டு வந்துள்ளோம்; இனியும் கேட்போம். ஆனால், வெளியே செல்லும் வாயிலைப் பற்றிப் பேசுவாரைத்தான் காணோம்.

‘துண்டு வெட்டியாயிற்று’ என்பது எம் மக்கள் வழக்கு. வைத்தியர் கையொப்பமிட்டு, நோய் விபரம் எழுதிய அட்டையைக் கையிற் கொடுத்து, ‘இனி வீட்டுக்குப் போகலாம்’ என்று விடுப்பதையே அவ்வாறு கூறுவர். காய்ச்சல் தணிந்த இளைஞனுக்கு அது மகிழ்ச்சிச் செய்தி. பாரிசவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்து, மூக்கிற் குழாயும் சிறுநீர்க் குழாயுமாகக் கிடக்கும் முதியவரின் மனைவிக்கோ அது இடிச்செய்தி! வண்டி எங்கே? வீட்டிற் கட்டில் எங்கே? குழாயை மாற்றுவார் யார்? மருந்து எங்கே கிடைக்கும்? இவ்வினாக்களுக்கு அந்த அட்டையில் விடை இல்லை. அவ்விடையை எழுதுவிக்கும் பொறுப்பு யாருடையது என்பதே நாம் இன்று எழுப்பும் வினா.

எந்த ஒரு வைத்தியசாலையையும், எந்த ஒரு வைத்தியரையும் குறை கூறுவது எமது நோக்கமன்று. ஆள் பற்றாக்குறையிடையே இரவு பகலாக உழைக்கும் தாதியரையும் வைத்தியரையும் நாம் அறிவோம். குறை மனிதரிடம் இல்லை, முறையில் உள்ளது.

குளமும் மதகும்

எம் வாசகருட் பெரும்பாலார் கமக்காரர். அவர்க்குத் தெரிந்த உவமை ஒன்றைக் கூறுவோம். தப்போவைக் குளத்தையோ இங்கினிமிட்டிய நீர்த்தேக்கத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றுநீர் வந்துகொண்டே இருக்கின்றது. மதகோ தூர்ந்து கிடக்கின்றது. அணைக்கட்டை மேலும் இரண்டு முழம் உயர்த்தினால் தீருமா? ஒரு மாரி தீரும். அடுத்த மாரியில் மீண்டும் நிரம்பும். அதற்காக மதகை ஒரேயடியாகத் திறந்துவிடலாமா? வாய்க்கால் வெட்டாமல் திறந்தால் கீழேயுள்ள வயல் அழியும். மதகும் வேண்டும், அதன் கீழ் வாய்க்காலும் வேண்டும்.

வைத்தியசாலையின் கணக்கும் இதுவே. நாற்பது கட்டில் கொண்ட விடுதி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். சிகிச்சை முடிந்தும் போக வழியில்லாமல் நால்வர் ஆளுக்குப் பத்து நாள் அதிகமாகத் தங்கினால், வீணாகும் கட்டில் நாள்கள் நாற்பது. சாதாரண நோயாளர் ஒருவர் நான்கு நாள் தங்குவாராயின், அந்நால்வரின் காத்திருப்பால் இடம் இழப்போர் பதின்மர். இழந்த அவர்கள் எங்கே போகின்றனர்? ஒரே கட்டிலில் இருவராகப் படுக்கின்றனர். தரையிற் பாய் விரிக்கின்றனர். அல்லது முற்றக் குணமாகாத மற்றொருவர் அவசர அவசரமாக வீட்டுக்கு அனுப்பப்படுகின்றார். அவ்வாறு போனவர் சில நாளிற் காய்ச்சலோடும் படுக்கைப்புண்ணோடும் மீண்டும் அதே வாயிலில் வந்து நிற்கின்றார். நெடுநாள் தங்குதலும் முன்கூட்டியே தள்ளப்படுதலும் எதிரெதிரான இரு குறைகள் போலத் தோன்றும். உண்மையில் இரண்டும் ஒரு வேரிற் கிளைத்த இரு கொம்புகளே. அவ்வேர், வீடு செல்லும் வழியை எவரும் முன்கூட்டி எண்ணாமை.

எமது கரையின் நிலை

புத்தளம் மாவட்டத்தின் கரை நீண்டது. தெற்கே வென்னப்புவை, மாரவில தொடங்கிச் சிலாபம், உடப்பு, முந்தல், புத்தளம் என வடக்கே செல்கின்றது. மேற்கே கற்பிட்டிக் குடாநாடு களப்பை அணைத்துக் கிடக்கின்றது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இம்மாவட்டத்தின் மக்கள்தொகை 7,62,396. சிலாபத்தில் மாவட்டப் பொது வைத்தியசாலையும், புத்தளத்திலும் மாரவிலவிலும் ஆதார வைத்தியசாலைகளும், அவற்றைச் சூழச் சிறு வைத்தியசாலைகளும் உள. கற்பிட்டியிலிருந்து சிலாபத்துக்கு எண்பது கிலோமீற்றருக்கு மேல். புத்தளத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 130 கிலோமீற்றர்.

இக்கரையில் வாழ்வோர் யார்? மீனவர், உப்பளத் தொழிலாளர், வெங்காயமும் மிளகாயும் பயிரிடுவோர், தென்னந்தோட்டத் தொழிலாளர், இறால் வளர்ப்போர். தென்னையிலிருந்து வீழ்ந்து முள்ளந்தண்டு முறிந்தவர் வாழ்நாள் முழுவதும் பிறர் கையை எதிர்பார்க்க நேர்கின்றது. பத்தலங்குண்டுத் தீவில் வாடியிட்டுத் தொழில் செய்யும் மீனவர் வீடு சேரப் படகேற வேண்டும். சிறுநீரகம் பழுதுற்றவர் குருதிச் சுத்திகரிப்புக்காக வாரந்தோறும் பலமுறை வைத்தியசாலைக்கு வந்து மீளவேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெரும்பாலார் தஞ்சம் புகுந்ததும் இம்மாவட்டத்திலேயே. அவருட் பலர்க்கு உறவினர் பாதி மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும், பாதி இங்குமாகப் பிரிந்து கிடக்கின்றனர். இன்னும் எத்தனையோ குடும்பங்களில் நோயுற்ற தாயைப் பார்க்க வேண்டிய மகள் வளைகுடா நாட்டில் வேறொருவர் தாயைப் பார்த்துக்கொண்டிருக்கின்றாள். 2025 நவம்பரில் டித்வாப் புயல் வெள்ளம் புகுந்தபோது, வீடு என்று சொல்லத்தக்க இடமே பலர்க்கு இல்லாமற் போயிற்று. இத்தகையோர்க்கெல்லாம் ‘வீட்டுக்குப் போகலாம்’ என்னும் ஒரே சொல் போதுமா?

ஒன்று கவனியுங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியுடன் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை, ஆபத்திற் சிக்கியவரை இலவசமாக வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்க்கின்றது. பாராட்டத்தக்க பணி. ஆனால் அது அவசர சேவை. திரும்பிப் போகும்போது அவ்வண்டி வருவதில்லை. எழுந்து உட்கார மாட்டாதவரை முச்சக்கர வண்டியில் மடித்து வைத்துக் கொண்டு செல்லும் காட்சியை எம் வீதிகளிற் காணாதார் யார்?

தாய்க்குக் கிடைத்தது தந்தைக்கு இல்லையா?

இவற்றையெல்லாம் செய்ய இந்நாட்டுக்கு அறிவில்லை என்று நாம் கூறவில்லை. அறிவு உண்டு, ஒரு வகை நோயாளர்க்கு அதனை எப்போதோ செய்து காட்டியும் ஆயிற்று!

பிள்ளை பெற்ற தாய் வைத்தியசாலையை விட்டு நீங்கும்போது நடப்பதைப் பாருங்கள். அவள் யார், எந்தக் கிராமத்தவள், எந்த மருத்துவமாதின் பொறுப்பிலுள்ளவள் என்பது கர்ப்பகாலத்திலேயே அட்டையிற் பதிவாகியுள்ளது. வீடு சேர்ந்தபின் முதற் பத்து நாள்களுக்குள் இருமுறையேனும் மருத்துவமாது அவள் வீடு தேடிச் செல்லவேண்டும் என்பது விதி. தாயின் காய்ச்சலையும், சேயின் தொப்புளையும், பால் கொடுக்கும் முறையையும் அவர் பார்க்கின்றார். ஐயம் எழுந்தால் மீண்டும் வைத்தியசாலைக்கு அனுப்புகின்றார். இன்று குடும்பநல உத்தியோகத்தர் என வழங்கப்படும் அவரே வைத்தியசாலைக்கும் குடிசைக்கும் இடையிலுள்ள பாலம்.

இப்பாலம் ஒரு நாளிற் கட்டப்பட்டதன்று. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலந்தொட்டுச் சிறுகச் சிறுகக் கட்டப்பட்டது. 1930களில் ஓரிலட்சம் பிறப்புக்கு ஈராயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இந்நாட்டில் இறந்தனர். இன்று அத்தொகை நூற்றுக்கும் மிகக் கீழே இறங்கிவிட்டது. தாய்மாரைக் காத்தது கட்டடம் மட்டுமன்று; வீடு வரை சென்ற கையுமாகும்.

ஆனால் காலம் மாறிவிட்டது, நோயும் மாறிவிட்டது. இந்நாட்டின் மரணங்களிற் பத்தில் எட்டு இன்று இருதயநோய், நீரிழிவு, புற்றுநோய், பாரிசவாதம் முதலான தொற்றா நோய்களால் நேர்வன. 2012ஆம் ஆண்டுக் கணக்கிலேயே அறுபது வயதைக் கடந்தோர் நூற்றுக்குப் பன்னிருவருக்கு மேல். அதன்பின் அவ்விகிதம் மேலும் ஏறியுள்ளது. பாலமோ பிள்ளைப்பேற்றோடு நின்றுவிட்டது. பிள்ளை பெற்ற மகளைத் தேடி அரசாங்கம் வீட்டுக்கு வருகின்றது. அதே வீட்டின் மூலையிற் செயலற்றுக் கிடக்கும் அவள் தந்தையைத் தேடி வருவார் அரியர். தாய்க்குக் கிடைத்த உரிமை தந்தைக்கு ஏன் இல்லை? இதுவே எமது கேள்வி.

புரியாத அட்டை

இன்னொன்றையும் நாம் சொல்லாமல் விடுவதற்கில்லை. நோயாளர் கையிற் கொடுக்கப்படும் விபர அட்டை ஆங்கிலத்தில் எழுதப்படுவது வழக்கம். அது அடுத்த வைத்தியர்க்கு எழுதியது. அவர்க்கு அது வேண்டும். ஆனால் மருந்து கொடுக்கப்போகின்றவர் வைத்தியர் அல்லர். எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்கும் பேத்தி! காலையில் ஒரு வில்லை, இரவில் இரண்டு என்பதும், இன்ன குறி கண்டால் உடனே திரும்ப வருக என்பதும் அவள் அறியும் மொழியில் இல்லையெனில், அவ்வளவு சிகிச்சையும் வாயிற்படியில் நின்றுவிடுகின்றது. விடுதியில் வாய்ச்சொல்லாக விளக்குவோர்க்கும் பல வேளைகளிற் சிங்களமே மொழி. உடப்பிலும் கற்பிட்டியிலும் இருந்து சென்ற மூதாட்டிக்கோ தமிழே மொழி. இடையில் நிற்பது ஒரு தலையசைப்பு மட்டுமே. அத்தலையசைப்பைச் சம்மதம் என்று எழுதிக்கொள்கின்றனர்.

இது சலுகை கேட்பதன்று. 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தத்தால் அமைந்த அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, சிங்களம் நிருவாக மொழியாக உள்ள மாகாணங்களிலும் அரச உத்தியோகத்தருடன் தமிழிற் கருமமாற்றவும் அவரிடமிருந்து தமிழிற் செய்தி பெறவும் ஒருவர்க்கு உரிமை தந்துள்ளது. காணி உறுதிக்கும் வரி அறிவித்தலுக்கும் உள்ள உரிமை, உயிர் காக்கும் மருந்துச் சீட்டுக்கு இல்லையா? நாம் கேட்பது தமிழர்க்கு மட்டும் உரியதுமன்று. ஆங்கிலம் அறியாத சிங்களத் தாய்க்கும் அவள் மொழியில் ஒரு தாள் வேண்டும். நோய்க்கு இனம் இல்லை.

பிற நாட்டார் கண்ட வழி

இது எமது கரைக்கு மட்டும் உரிய துன்பமன்று. செல்வம் மிக்க இங்கிலாந்திலும் வைத்திய நோக்கில் வீடு செல்லத்தக்க பல்லாயிரவர் நாள்தோறும் வைத்தியசாலைக் கட்டிலிற் காத்துக் கிடக்கின்றனர். 2003இல் அங்கு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. வீட்டுப் பராமரிப்பை ஏற்பாடு செய்யத் தாமதிக்கும் உள்ளூராட்சிச் சபை, வைத்தியசாலைக்குப் பணம் செலுத்தவேண்டும் என்றது அச்சட்டம். தண்டம் விதித்தும் இருபதாண்டு கழிந்தும் காத்திருப்போர் தொகை ஒழிந்தபாடில்லை. தண்டத்தால் வாய்க்கால் வெட்டப்படாது என்பதே அங்கு நாம் கற்கும் பாடம்.

கேரளத்தார் வேறு வழி கண்டனர். 1993இல் கோழிக்கோட்டில் நோவு தணிக்கும் பணியாகத் தொடங்கியது, பின்னர் மலப்புறம் முதலிய இடங்களிற் கிராமத்துத் தொண்டர் கைக்கு மாறியது. 2008இல் மாநில அரசின் கொள்கையும் ஆயிற்று. உள்ளூராட்சிச் சபையின் ஆதரவில் தாதி ஒருவர், படுக்கையிற் கிடப்போர் வீடுகளுக்கு முறைவைத்துச் செல்கின்றார். அயலவர் துணை நிற்கின்றனர். தமிழ்நாட்டிலும் 2021 ஓகஸ்ட் 5ஆந் திகதி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டு, நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளும் இயன்மருத்துவமும் வீட்டு வாயிலுக்குக் கொண்டு செல்லப்படுகின்றன.

ஆளுக்கேற்ற விடுவிப்புத் திட்டம் பயன் தருமா என்பதை ஆராய்ந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, நோயுற்ற முதியோர் தங்கும் காலம் ஏறத்தாழ முக்கால் நாள் குறைவதாகக் கூறுகின்றது. மீண்டும் சேர்க்கப்படுவதும் ஓரளவு குறையலாம் என்கின்றது. முக்கால் நாள்தானே என்று எள்ளவேண்டா. ஒவ்வொரு வயலிலும் ஒவ்வொரு மூடை மிச்சமானால் ஊர் முழுவதும் எத்தனை மூடை என்பதைக் கமக்காரர்க்கு நாம் சொல்லவேண்டுவதில்லை.

செய்யவேண்டியவை

மாகாணச் சுகாதாரத் திணைக்களத்தார் முன்னும் சுகாதார அமைச்சின் முன்னும் நாம் வைக்கும் கோரிக்கைகள் ஆறு.

முதலாவது, நோயாளர் சேர்ந்த மறுநாளே அவர் வீடு திரும்பும் உத்தேச நாளும், வீட்டில் அவரைப் பார்ப்பவர் யார் என்பதும் கட்டில் அட்டையில் எழுதப்படவேண்டும். விடுக்கும் நாட்காலையில் எழும் வினாவைச் சேர்க்கும் நாளிலேயே எழுப்பினால் பாதித் தாமதம் ஒழியும்.

இரண்டாவது, சிக்கல் மிக்க நோயாளர்க்கு வழி செய்யும் பொறுப்பு, ஒவ்வொரு பெரிய வைத்தியசாலையிலும் பெயர் குறித்த ஒருவரிடம் இருத்தல் வேண்டும். அனுபவம் மிக்க தாதி ஒருவரே போதும். எல்லார்க்கும் பொறுப்பான கருமம் எவர்க்கும் பொறுப்பாவதில்லை.

மூன்றாவது, சிறு வைத்தியசாலைகளைப் பயன்படுத்தவேண்டும். பெரியனவற்றிற் பாய் விரிக்க இடமில்லை; சிறியனவற்றிற் பல கட்டில்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. இது இந்நாடு முழுவதும் அறிந்த முரண். பெரிய வைத்தியசாலையொன்றையும் அதைச் சூழ்ந்த சிறியவற்றையும் ஒரே தொகுதியாக இணைத்துப் பொறுப்பைப் பகிர்வது 2018ஆம் ஆண்டிலேயே அரசு ஏற்ற கொள்கை. ஆபத்து நீங்கியும் நடக்கமாட்டாதவர் தம் ஊருக்கு அணித்தான சிறு வைத்தியசாலையில் இரண்டு வாரம் தங்கித் தேறட்டும். பார்க்க வருவோர்க்குப் பஸ் செலவும் குறையும். முள்ளந்தண்டு முறிந்தவர்க்குப் புத்தளம் புகையிரதப் பாதை பிரியும் இராகமையிலேயே புனர்வாழ்வு வைத்தியசாலை உண்டு. அங்கு இடம் கேட்டு எழுதுவதைச் சேர்ந்த வாரத்திலேயே தொடங்கவேண்டும்.

நான்காவது, மருந்து, உணவு, திரும்ப வரவேண்டிய நாள், ஆபத்துக் குறிகள் ஆகியவற்றைக் கூறும் ஒரு பக்கத் தாள் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டுக் கொடுக்கப்படவேண்டும். மாதாந்த மருந்தும் ஊருக்கு அணித்தான சிறு வைத்தியசாலையிற் கிடைக்கவேண்டும்.

ஐந்தாவது, வீட்டிற் பராமரிப்பவர்க்கு விடுதியிலேயே பயிற்சி அளிக்கவேண்டும். இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைப்பது எப்படி, குழாயிற் கஞ்சி ஊற்றுவது எப்படி என்பனவற்றைத் தாதி முன்னிலையில் மூன்று முறை செய்து பழகியபின்னரே துண்டு வெட்டவேண்டும்.

ஆறாவது, விடுவிக்கப்பட்டவரின் பெயர் அன்றைக்கே பிரதேச சுகாதார வைத்திய அதிகாரிக்கும் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர்க்கும் செல்லவேண்டும். ஒரு வாரத்துக்குள் தாதி ஒருவர் வீடு தேடிச் செல்லவேண்டும். அஸ்வெசும முதலிய உதவிகளுக்கு உரியவராயின் விண்ணப்பமும் வைத்தியசாலையிலேயே நிரப்பப்படவேண்டும்.

‘பணம் எங்கே?’ என்பர் சிலர். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியை நாமும் மறந்திலோம். ஆயினும், இவ்வாறனுள் முதல் ஐந்தும் புதுக் கட்டடமோ பெருஞ்செலவோ வேண்டாதவை, வேண்டுவது ஒழுங்கு. ஆறாவதற்கு ஆள் வேண்டும். அந்த ஆளின் ஒரு நாட் சம்பளம் பல வீடுகளைப் பார்க்கும். அதே நோயாளர் படுக்கைப்புண்ணோடு திரும்பி வந்தால் ஆகும் மாதக்கணக்கான செலவோடு அதனை ஒப்பிட்டுப் பாருங்கள்.

‘பெற்றோரைப் பேணுவது பிள்ளைகள் கடமையன்றோ?’ என்பர் வேறு சிலர். கடமையே, 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டமும் அவ்வாறே கூறுகின்றது. ஆனால் கடமையை விதிக்கும் சட்டம், அதனைச் செய்யும் முறையைக் கற்பிப்பதில்லை. கடலுக்குப் போகாவிட்டால் அன்று உலை வையாத வீட்டுக்கு ஒரு நாட் கூலி தருவதுமில்லை. பிள்ளையின் கையைப் பலப்படுத்துவதே அரசின் வேலை. பிள்ளையைக் காட்டித் தன் கையைக் கழுவுவது அன்று.

எமக்கும் பங்கு உண்டு

அரசாங்கத்தை மட்டும் நோக்கி விரல் நீட்டி நாம் அமைதல் தகாது. எம் ஊர்கள் தோறும் மரணாதார சங்கங்கள் உள. ஒருவர் இறந்தால் பந்தல் வருகின்றது, கதிரை வருகின்றது, தோள் கொடுக்க நால்வர் வருகின்றனர். உயிரோடு மீண்டு வந்தவர்க்குத் தோள் கொடுக்கச் சங்கம் எங்கே? அதே சங்கங்கள் ஒரு சக்கர நாற்காலியையும், தலைப்பக்கம் உயர்த்தத்தக்க கட்டில் ஒன்றையும் வாங்கி வைத்து முறைவைத்துக் கொடுக்கலாகாதா? கமக்காரர் அமைப்புகளும் மீனவர் சங்கங்களும் நோயாளரை வீடு சேர்க்க வண்டி ஒன்றுக்கு ஒழுங்கு செய்யலாகாதா? ஆசிரியரும் ஓய்வுபெற்ற தாதியரும் கூடி, அந்த ஒரு பக்கத் தாளை நல்ல தமிழில் எழுதிக் கொடுக்கலாகாதா? சட்டத்தரணிகள் 22ஆம் உறுப்புரையை நினைவூட்டி ஒரு கடிதமேனும் எழுதலாகாதா? இவற்றுள் எதற்கும் அமைச்சரின் கையொப்பம் வேண்டுவதில்லை.

மலேரியா ஒரு காலத்தில் இம்மாவட்டத்து மக்களைக் கொன்று குவித்தது. 2016இல் அந்நோய் இந்நாட்டை விட்டு நீங்கிற்று என உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. வீடு வீடாகச் சென்று இரத்தத்துளி எடுத்த சிற்றூழியர் பெற்றுத் தந்த வெற்றி அது. தாயைக் காத்ததும் வீடு தேடிய கால்களே. மலேரியாவை ஓட்டியதும் வீடு தேடிய கால்களே. அக்கால்கள் முதியவர் வீட்டுக்கும் நடக்கவேண்டிய காலம் வந்துவிட்டது.

அடுத்த முறை புதிய விடுதிக்கு அடிக்கல் நாட்ட வருகின்ற மக்கட் பிரதிநிதியிடம், எம் மக்கள் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கட்டும்: “ஐயா, இவ்விடுதியிலிருந்து வெளியே வருகின்றவரை யாரிடம் ஒப்படைக்கப் போகின்றீர்கள்?” விடை கிடைக்கும்வரை அக்கேள்வியை விடலாகாது.